பழைய ஸ்பிளெண்டர் வெடிக்கிறதா? காபரேட்டர் ஸ்குரூவில் கை வைக்க முதல் பார்க்க வேண்டியவை

இலங்கையின் கிழக்கில், கல்லடியிலிருந்து கல்முனை வரைக்கும் கடலோரத்தில் பத்துப் பதினைந்து வருடம் ஓடிய ஹீரோ ஹொண்டா ஸ்பிளெண்டர் வகை 100 சிசி பைக்குகள் இன்னும் நிறைய நிற்கின்றன. பெற்றோல் அதிகம் குடிக்காது, உதிரிப்பாகமும் லேசாகக் கிடைக்கும், அதனால் ஒருவரும் விற்கமாட்டார்கள். நாள்பட வருகிற தலையிடி, அக்சிலேட்டரை விட்டவுடன் பின்னால் கேட்கும் ‘டப் டப்’ வெடி. கராஜுக்குப் போனால் முதல் வேலையாக ஸ்குரூடிரைவர், பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் காபரேட்டருக்குத்தான் போகும். பாதிக் கேஸில் கோளாறு அங்கே இருக்காது.

வெடி எங்கே கேட்கிறது, எப்போது கேட்கிறது என்பதை முதலில் பிடியுங்கள். அக்சிலேட்டரை மூடும்போது சைலன்சருக்குள் என்றால் காற்றுக் கசிவு அல்லது மெலிந்த கலவை (காற்றுக் கூடி, பெற்றோல் குறைந்த கலவை). முறுக்கும்போது காபரேட்டர் பக்கம் ‘புஸ்’ என்று துப்பினால் டெப்பட் (வால்வின் இடைவெளியைச் சரிசெய்யும் ஸ்குரூ), டைமிங் (பொறி விழும் நேரம் அல்லது வால்வு திறக்கும் நேரம்), அல்லது பெற்றோல் போதாமை. ஒரே வேகத்தில் ஓடும்போது திடீரென்று ஒரு பெரிய வெடி என்றால் பிளக்குக்கு கரண்ட் விட்டு விட்டு வருகிறது.

எங்கள் பக்கத்தில் முதல் சந்தேகம் சைலன்சர் குழாய் எஞ்சின் ஹெட்டில் சேரும் இடம்தான். அக்சிலேட்டரை மூடும்போது எரியாத கலவை கொஞ்சம் சூடான குழாய்க்குள் போகும். பொருத்தை அடைக்கும் வளையமான கேஸ்கட் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே இழுபட்டு அங்கேயே பற்றிக்கொள்ளும். எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் பண்ணி, பொருத்தில் சவர்க்காரத் தண்ணீர் விட்டால் குமிழி காட்டிக்கொடுக்கும். கரிக்கோடு படிந்திருந்தால் சோதனையே தேவையில்லை. புதிய கேஸ்கட் போட்டும் வெடி நிற்கவில்லை என்பவர்கள் துவாரத்துக்குள் பாருங்கள்: பழைய கேஸ்கட் நசுங்கி, ஹெட்டின் நிறத்திலேயே ஒட்டிக்கிடக்கும். அதைச் சுரண்டி எடுக்காமல் மேலே புதியது வைத்தால் சரியாக உட்காராது. உப்புக்காற்றில் குழாயைப் பிடித்திருக்கும் ஸ்டட்டுகள் (நட்டு ஏறும் திருகுக் கம்பிகள்) துருப்பிடித்திருக்கும், 6 மி.மீ. தான், பலமாகத் திருகினால் முறிந்துவிடும். முதல் நாள் இரவே துரு இளக்கும் ஒயில் விட்டு வையுங்கள். இறுக்கும்போது 10ஆம் நம்பர் சாவியால் இரண்டு நட்டையும் மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக. குழாயின் அடிவளைவையும் தடவிப் பாருங்கள், ஈர மணல் ஒட்டும் இடத்தில் ஊசித்துளை விழுந்திருக்கும்.

காற்று உள்ளே போகும் பக்கமும் இதே கதைதான். காபரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே உள்ள ஓ-ரிங் (ரப்பர் வளையம்) காய்ந்து கீறல் விட்டிருக்கும். ஐட்லிங்கில் (அக்சிலேட்டர் முறுக்காமல்) ஓடவிட்டு, பொருத்தின் மேல் வெறும் தண்ணீரைத் தூவலாகத் தெளியுங்கள். எஞ்சின் சத்தம் மாறினால் அங்கேதான் கசிவு. சிலர் பெற்றோல் தெளித்துப் பார்க்கிறார்கள், அது நெருப்போடு விளையாடுவது.

டெப்பட்டை எஞ்சின் முழுதாக ஆறியபின் பார்க்க வேண்டும். பிளக்கைக் கழற்றி, இடது பக்க மூடியைத் திறந்து, ஃபிளைவீலை (எஞ்சினோடு சுழலும் சக்கரம்) சுற்றி, அதன் T அடையாளத்தை உடற்பாகத்தின் கோட்டுக்கு நேராக்குங்கள். வால்வை அமுக்கும் இரண்டு ரொக்கர் ஆமும் லேசாக ஆட வேண்டும். ஆடவில்லை என்றால் இன்னுமொரு முழுச்சுற்று. இந்த எஞ்சினுக்கு உள்வால்வு, வெளிவால்வு இரண்டுக்கும் இடைவெளி 0.05 மி.மீ. அந்தத் தடிப்புள்ள பீலர் கேஜ் (இடைவெளி அளக்கும்) தகடு மெல்லிய பிடிப்போடு இழுபட்டால் சரி. டெப்பட் சத்தமே இல்லாத எஞ்சின் நல்லது என்ற நம்பிக்கை இங்கே பலமாக இருக்கிறது. உண்மையில் இடைவெளி இறுகிப்போன வால்வுதான் சத்தமில்லாமல் இருக்கும். அது முழுதாக மூடாமல் கருகத் தொடங்கும், பிறகு ஹெட் வேலை வரைக்கும் போய் முடியும்.

திடீர் பெரிய வெடிக்கு பிளக் கெப்பைக் கழற்றுங்கள். உள்ளே பச்சை படிந்திருந்தால் வயரின் நுனியில் அரை சென்ரிமீற்றர் வெட்டி, நல்ல கம்பி தெரிய மீண்டும் திருகுங்கள். பிளக் இடைவெளி 0.6 – 0.7 மி.மீ. மெயின் சுவிட்ச் கனெக்டரும் கடலோரத்தில் அடிக்கடி பச்சை பிடிக்கும். கையால் ஆட்டும்போது எஞ்சின் தடுமாறினால் அதுதான்.

மார்கழி வெள்ளத்தில் நின்ற பைக் என்றால் முதலில் காபரேட்டர் அடிக்கிண்ணத்தின் வடிகால் ஸ்குரூவைத் திறந்து ஒரு கண்ணாடிக் குவளையில் பிடியுங்கள். கீழே உருண்டு நிற்பது தண்ணீர், செங்கல் தூள் போல இருப்பது டாங்கித் துரு. துரு தெரிந்தால் டாங்கியைக் கழுவாமல் ஜெட்டை (காபரேட்டரில் பெற்றோல் வரும் நுண்துளைப் பாகம்) மட்டும் ஊதிப் பலனில்லை, திரும்பவும் அடைக்கும். ஐட்லிங்குக்குப் பெற்றோல் விடும் பைலட் ஜெட்டுக்குக் கம்பி விடாதீர்கள், துவாரம் பெருத்துவிடும். அம்பாறைப் பக்கம் வெள்ளாமை வெட்டுக்காலத்தில் எயார் பில்ட்டர் தூசியால் அடைபட்டு, கலவை தடித்தும் (பெற்றோல் கூடியும்) வெடிக்கும். அப்போது பிளக் கரிபிடித்துக் கறுப்பாக இருக்கும். மெலிந்த கலவையில் வெள்ளையாகக் காய்ந்திருக்கும். 92 ஒக்டேனுக்குப் பதிலாக 95 ஒக்டேன் பெற்றோல் அடித்தால் வெடி நிற்கும் என்பது வீண் செலவு.

இத்தனையும் பார்த்தபின் காபரேட்டரின் கலவை ஸ்குரூ. எயார் பில்ட்டர் பக்கம் இருந்தால் அது காற்று ஸ்குரூ, வெளியே திருப்பினால் கலவை மெலியும். எஞ்சின் பக்கம் இருந்தால் வெளியே திருப்பத் தடிக்கும். எஞ்சினைச் சூடாக்கி, மெதுவாக அடிவரை மூடி, ஒன்றரை முதல் இரண்டு சுற்றுத் திறந்து, எஞ்சின் வேகமாகச் சுற்றும் இடத்தில் நிறுத்தி, ஐட்லிங்கை 1400 சுற்றுக்குக் குறையுங்கள். அதற்குப் பிறகும் எப்போதாவது ஒரு மெல்லிய ‘டப்’ கேட்டால் விட்டுவிடலாம். உள்தகட்டை வெட்டி எடுத்த சைலன்சர் என்றால் சின்ன வெடியும் பெரிதாகத்தான் கேட்கும், அதற்கு மருந்து வேறு சைலன்சர் மட்டும்தான்.