கேரவன் டிரெய்லருக்கு ஹிட்ச் வாங்குறவங்க பாத்து வாங்குங்க, 64,500 ரூபா போச்சு

64,500 ரூபா. யுபிஐல ஒரே அடியா போட்டது. திங்கக்கெழம பார்சல் வந்துச்சு, வியாழக்கெழம நம்பரை பிளாக் பண்ணிட்டான். கோவத்துல எழுதுறேன், முன்னப்பின்ன இருந்தா பொறுத்துக்கிடுங்க.

கடை பேரு போடல. வெளிநாட்டு வண்டிச் சாமான் எறக்கி விக்கிற ஒரு இன்ஸ்டாகிராம் பக்கம், பேச்சுவார்த்தை எல்லாம் வாட்ஸப்ல. அவ்வளவு போதும், இதே ஜாதில நூறு கெடக்கு.

வாங்குனது வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச், அதாவது டிரெய்லர வண்டியோட மாட்டுற கொக்கியில பாரத்தப் பங்கு போடுற வகை. தெரியாதவங்களுக்குச் சுருக்கமா சொல்லுறேன். டிரெய்லரோட மூக்கு பாரம் முழுசும் வண்டி வாலுல ஒக்காரும். வால் தாழும், முன்வீல் லேசாகும். ரெண்டு ஸ்பிரிங் பாரை ஹிட்ச் தலையில மாட்டி, செயினால டிரெய்லர் ஏ ஃபிரேமோட (மூக்குப் பக்கம் இருக்குற முக்கோணச் சட்டம்) இழுத்துக் கட்டுனா, அந்தப் பாரத்துல ஒரு பங்கு முன் ஆக்ஸிலுக்கும் ஒரு பங்கு டிரெய்லர் வீலுக்கும் போகும். நெம்புகோல்தான், வேற மந்திரம் ஒண்ணுமில்ல.

நம்மூருல இது ஆடம்பரம் இல்ல. நாகர்கோவில்ல இருந்து காவல்கிணறு பக்கம் போய்ப் பாருங்க. ஆரல்வாய்மொழி கணவாயில தென்மேற்குக் காத்து பக்கவாட்டுல அடிக்கும், முப்பந்தல்ல காத்தாடியா நட்டு வச்சிருக்கது சும்மா இல்ல. பாலத்து மறைவுல இருந்து வெளிய வந்த அந்த நொடியில டிரெய்லர் வால ஆட்டும். முன்வீல் லேசா இருந்தா ஸ்டீரிங் மிதக்கும், பிடிச்சு நிறுத்த முடியாது.

கணக்கு இதுதான். டிரெய்லர் சாமானோட, தண்ணி டேங்க் நெறைச்சு, எடை மேடையில 1,350 கிலோ. மூக்கு பாரத்துக்கு எடை மேடை சரிப்படாது, 5 கிலோ 10 கிலோ படியாத்தான் காட்டும். வீட்டுல ஆள் எடை பாக்குற மெஷின் போதும். ஒரு கனமான பலகை, ஒரு முனையில கல்லு, மறுமுனையில மெஷின். கல்லுல இருந்து ஒரு பங்கு, மெஷின்ல இருந்து ரெண்டு பங்கு தூரத்துல மூக்க இறக்கணும். மெஷின் 51 காட்டிச்சு, மூணால பெருக்குனா 153 கிலோ. மொத்தத்துல 11 சதவீதம். 10க்கும் 15க்கும் நடுவுல இருந்தாச் சரி, 10க்குக் கீழ போனா ஆட்டம் கூடும்.

வண்டி பழைய ஸ்கார்ப்பியோ, வீல்பேஸ் (முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடுவுல தூரம்) 2.68 மீட்டர். பின் ஆக்ஸில்ல இருந்து பால் (டிரெய்லர் மூக்கு ஒக்காருற இரும்பு உருண்டை) வரைக்கும் 1.2 மீட்டர். 153ஐ 1.2ஆல பெருக்கி 2.68ஆல வகுத்தா 68 சொச்சம். அதாவது முன்னால 68 கிலோ குறையும், பின் ஆக்ஸில்ல 221 கிலோ ஏறும். டிக்கியில பின் ஆக்ஸிலுக்குப் பின்னால ஏத்துற 40 கிலோவையும் மூக்கு பாரத்தோட சேத்துத்தான் பார் அளவு எடுக்கணும். 193 கிலோ ஆச்சு. 400 பவுண்டு பார்னா 181 கிலோதான், பத்தாது. 600 பவுண்டு பார் 272 கிலோ, அதுதான் சரி. இதை எல்லாம் வாட்ஸப்ல எழுதியே அனுப்பியாச்சு. கூடவே, டிரெய்லர் கப்ளர் (பாலக் கவ்வுற வாய்) 50 மில்லிமீட்டர், 50 மில்லி பால்தான் வேணும்னும் எழுதியாச்சு.

ஏமாந்த எடம் எதுன்னா, அவன் வீடியோ கால் போட்டான். குடோன் மாதிரி ஒரு எடம், கையில பார். கேமராவப் பக்கத்துல கொண்டுவந்து 600னு குத்தியிருந்த எழுத்த வெரலால தடவிக் காட்டுனான். "பாத்துக்கிடுங்க சார், இதேதான் உங்க பார்சல்ல வரும். நம்மகிட்ட ஒளிவுமறைவு கெடையாது"ன்னான். கேட்ட கேள்விக்கு எல்லாம் பதில் டக் டக்னு வந்துச்சு, ஷாங்கு (வண்டிக்குள்ள சொருகுற தண்டு) ரெண்டு இஞ்ச், தலையில சாய்மானத்துக்கு வாஷர் ஆறுன்னு. இவ்வளவு தெரிஞ்சவன் ஏமாத்த மாட்டான்னு தோணிச்சு. அந்த வீடியோ கால் முடிஞ்ச நாலாவது நிமிஷம் 64,500 போயிருச்சு.

வந்த பாரைப் பாருங்க. பளபளன்னு 600 ஸ்டிக்கர். நகத்தால ஓரத்தப் பிரிச்சா கீழ கிரைண்டர் போட்ட கோடு, அதுக்கு மேல கருப்பு பெயிண்ட். தின்னர் தொட்டுத் துடைச்சு டார்ச்ச சரிச்சு அடிச்சா 1, 0, 0 வரைக்கும் தெளிவாத் தெரியுது. கடைசி சைபர்ல பாதி. 1000 பவுண்டு பார், 454 கிலோ. விக்காமக் கெடந்த சரக்கத் தலையில கட்டிட்டான்.

பெருசு தந்தா நல்லதுதானேன்னு சிலபேரு கேப்பாங்க. இல்லவே இல்ல. விறைப்பான பார் வளையாது. வளையாத பார் கம்பிக்குச் சமம். ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கர் அடியும் ஏ ஃபிரேமுக்கு நேரா போகும், வெல்டிங் விடும். செட்டிங்கும் நிக்காது. அளந்து பாத்த கணக்கு: முன்வீல் ஆர்ச்சு தரையில இருந்து டிரெய்லர் மாட்டாம 812 மில்லி. பார் இல்லாம மாட்டுனா 830. ஏறுன 18 மில்லியில பாதியாவது எறங்கணும், ஆனா 812க்குக் கீழ போகக்கூடாது. ஆக 812க்கும் 821க்கும் நடுவுல நிக்கணும். இந்தப் பார்ல செயின ஒரு கண்ணியில மாட்டுனா 826, அடுத்த கண்ணிக்கு இறுக்குனா 806. நடுவுல ஒண்ணுமே இல்ல. 806ல ஓட்டுனா பின்வீல் லேசாகி, மழை ரோட்டுல பிரேக் பிடிச்சா வழுக்கும். தலையச் சாய்ச்சு நடுவுல கொண்டுவரலாம்னா ஆறு வாஷர்ல ரெண்டுதான் பெட்டியில இருக்கு.

பால் அதுக்கு மேல. வெர்னியர் வச்சா 50.8. ரெண்டு இஞ்ச் பால் அது, 50 மில்லி இல்ல. முக்கால் மில்லிதானேன்னு நெனைக்காதீங்க, கப்ளர் கைப்பிடி முழுசா மடங்கல, லாக்கு ஏறல. அத வீடியோ எடுத்து அனுப்புனா வந்த பதில்: "சுத்தியல்ல ரெண்டு தட்டு தட்டுங்க சார், ஒக்காந்துரும்." ஒண்ணேகால் டன்னுக்கு மேல இழுக்குற லாக்க சுத்தியல்ல தட்டணுமாம்!

அப்புறம் வழக்கமான பாட்டுதான். மொத நாள் "கம்பெனில பேசிட்டு சொல்றேன்". ரெண்டாம் நாள் "மேனேஜர் லீவு". மூணாம் நாள் கிரைண்டர் கோடு போட்டோ போச்சு, நீல டிக் விழுந்துச்சு, ரெண்டு மணி நேரம் கழிச்சு வாய்ஸ் மெசேஜ்: "ஃபிட் பண்ணிட்டீங்க சார், ஃபிட் பண்ணுன பொருள் ரிட்டர்ன் கெடையாது." மாட்டிப் பாக்காம பார் விறைப்பு எப்படிலே தெரியும்? "தம்பி, நீ காட்டுன பார் எங்க?"ன்னு ஒரே ஒரு கேள்வி. பிளாக். பில்லுல மாடல் நம்பர் கெடையாது, "கார் ஆக்சஸரீஸ் 1"னு மட்டும். ஜிஎஸ்டி நம்பர் எடம் காலி. பணம் போட்ட அன்னைக்கே இதக் கேட்டிருக்கணும், அது நம்ம தப்பு.

எப்படித் தேர்ந்தெடுக்குறதுன்னு முழுசா எழுதத்தான் ஒக்காந்தேன், இப்ப மனசு இல்ல. சட்டுனு சிலது மட்டும்.

டிரெய்லர்ல ஓவர்ரன் பிரேக் இருந்தா, செயின் போட்ட ஹிட்ச் பெரும்பாலும் ஒத்து வராது. கப்ளர் உள்ள நகந்தாத்தான் அந்த பிரேக் பிடிக்கும், பார் அத இழுத்துப் பிடிச்சிரும். பிரேக் என்ன வகைன்னு கேக்காமலே ஒருத்தன் வித்தா அங்கயே வெட்டி விடுங்க.

நம்மூர்ப் பட்டறையில பம்பருக்குக் கீழ ரெண்டு போல்ட்டுல மாட்டுற தட்டுக் கொக்கி இதுக்கு ஆகாது. இந்த ஹிட்ச் இழுக்குறது மட்டுமில்ல, முறுக்கும். ரெண்டு சேஸிஸ் தண்டோடயும் சேத்த ரிசீவர் (ஷாங்கு நுழையுற குழாய்) வேணும். எவ்வளவு தாங்கும்னு அதுல எழுதியிருக்கணும். வண்டி, ரிசீவர், ஹிட்ச், இதுல எது தாங்குற அளவு சின்னதோ அதுதான் உங்க அளவு, ஹிட்ச் போட்டதால அது ஏறிராது.

செயின் மாட்டும்போது ஜாக்கால மூக்கையும் வண்டி வாலையும் சேத்துத் தூக்கிட்டு மாட்டுங்க. கம்பி வச்சு நெம்பி மாட்டுனா, வழுக்குன கம்பி மூஞ்சியிலதான் அடிக்கும். ஆட்டத்தக் குறைக்குற உராய்வுப் பட்டை தனியா இருந்தா ரிவர்ஸ் எடுக்கும் முன்ன கழட்டிருங்க.

பார் மேல ஸ்டிக்கர் இருந்தா பிரிச்சுப் பாருங்க. பெட்டி திறக்குறத வெட்டாம ஒரே வீடியோவா எடுங்க, நான் எடுத்தது பாதியில நின்னு போச்சு.

நுகர்வோர் உதவி எண் 1915ல புகார் சொல்லியாச்சு, பேங்குலயும் எழுதிக் கொடுத்தாச்சு. நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்துக்கு அடுத்த வாரம். 64,500 ரூபாவும் நாப்பத்துச் சொச்சம் கிலோ இரும்பும், தூக்கி வெளிய போடக்கூட ரெண்டு ஆளு வேணும். இதே மாதிரி கிரைண்டர் போட்ட பார் வேற யாருக்காவது வந்திருந்தா போட்டோவோட கீழ போடுங்க, சேத்தே கொடுத்துருவோம்.