12 சீட் வேன் என்று சரக்கு வேனை விற்கிறார்கள்: டாலஸ் பக்கம் வண்டி தேடுவோர் கவனத்துக்கு

நாங்கள் வாங்கி ஏமாந்து, திருப்பிக் கொடுத்த அந்த வெள்ளை வேன் மறுபடி விற்பனைக்கு வந்திருக்கிறது. அதே படங்கள், அதே "குடும்பத்துக்கு ஏற்ற 12 சீட்டர்" என்ற வரி. விலை மட்டும் 500 டாலர் குறைவு. டெக்சாஸில் டாலஸைச் சுற்றியுள்ள ஃபிரிஸ்கோ, பிளேனோ, இர்விங் பக்கம் பெரிய வேன் தேடிக்கொண்டிருக்கும் தமிழ்க் குடும்பங்களை எனக்கே தெரியும் என்பதால் நடந்ததை முழுக்க எழுதிவிடுகிறேன். டீலர் பெயரைப் போடவில்லை. புகார் இன்னும் விசாரணையில் இருக்கிறது. வண்டி எந்தக் கம்பெனி என்றும் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் செய்தவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. அவர்கள் சரக்கு ஏற்றத்தான் அதைச் செய்தார்கள்.

எங்கள் வீட்டில் நாங்கள் இருவர், மூன்று பிள்ளைகள், மாமா, அத்தை. அடுத்த தெருவில் என் தம்பி, அவன் மனைவி, கைக்குழந்தை. எல்லோரும் ஒன்றாகக் கிளம்பினால் பத்துப் பேர். மினிவேனில் எட்டுப் பேர்தான். எட்டுப் பேரும் உட்கார்ந்த பிறகு பின்னால் குழந்தையின் தள்ளுவண்டியை வைக்கக்கூட இடமிருக்காது. சபர்பன் மாதிரி பெரிய எஸ்யூவியில் முன்னால் பெஞ்ச் சீட் போட்டு வாங்கினாலும் ஒன்பதோடு சரி. அதற்கு மேல் வேண்டுமென்றால் அமெரிக்காவில் ஃபோர்டு டிரான்சிட், செவர்லே எக்ஸ்பிரஸ், அதன் இரட்டையான ஜிஎம்சி சவானா, மெர்சிடிஸ் ஸ்பிரிண்டர் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். நிசானின் என்வி 2021 மாடலோடு நின்றுவிட்டது.

ஏமாற்றுக்கு இடம் கொடுப்பதே இந்தத் தட்டுப்பாடுதான். ஆள் ஏறும் பெரிய வேன் பழையதாகச் சந்தைக்கு வருவது குறைவு. வருவதும் பெரும்பாலும் ஹோட்டல், சர்ச், வாடகைக் கம்பெனி ஓட்டித் தள்ளியவை. அதே உடம்பு, அதே எஞ்சினோடு பார்சல் கம்பெனிகளும் பிளம்பர்களும் ஓட்டிய சரக்கு வேன்களோ எங்கும் கிடைக்கும். நாங்கள் தேடிய சமயத்தில் இரண்டுக்கும் நடுவே 7,000 டாலர் வித்தியாசம் இருந்தது. சரக்கு வேனை வாங்கி, பக்கத் தகரத்தை வெட்டி ஜன்னல் வைத்து, உள்ளே சீட் வரிசைகளை இறக்கிவிட்டால் அந்த வித்தியாசம் பைக்குள்.

எங்களை அந்த டீலரிடம் அனுப்பியவர் நம் ஆள். வாட்ஸ்அப் குழுவில் வீடு, கார், இன்சூரன்ஸ் எது கேட்டாலும் "எனக்குத் தெரிஞ்ச இடம் இருக்கு" என்று முதலில் வந்து நிற்பவர். "அக்கா, நானே நேர்ல போய்ப் பார்த்துட்டேன். வண்டி ஜம்முனு இருக்கு. சனிக்கிழமை வரைக்கும் நிக்காது" என்றார். பார்த்ததற்கு டீலர் அவருக்கு 300 டாலர் கொடுத்தார் என்பது பிறகு கணக்குக் கேட்டபோது வந்த காகிதத்தில் இருந்தது.

2018 மாடல், 84,000 மைல். உள்ளே ஏறினால் புதுத் தோல் வாசனை. "முந்தின சீட்டெல்லாம் பழசு, குடும்பத்துக்குக் கொடுக்கிறோமே என்று எல்லாவற்றையும் புதிதாக மாற்றினோம்" என்று விற்பனையாளர் பெருமையாகச் சொன்னார். என்னிடம் அல்ல, என் கணவரிடம். நான் கேட்ட கேள்விக்கும் அவரைப் பார்த்தே பதில் சொன்னார். வண்டி வரலாற்று ரிப்போர்ட்டையும் அச்செடுத்துக் கொடுத்தார்: விபத்து இல்லை, வெள்ளத்தில் மூழ்கவில்லை, ஒரே உரிமையாளர். இரண்டாம் பக்கத்திலிருந்து கொடுத்தார். வண்டியின் உடல்வகை என்ன என்பது முதல் பக்கத்தின் தலையிலேயே இருக்கும்.

வாங்கும் முன் தனி மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் காட்டினோம். எஞ்சின், கியர்பாக்ஸ், பிரேக், கசிவு எல்லாம் பார்த்து நல்ல வண்டி என்றார். அவர் சொன்னது சரிதான். ஓட்டத்தில் அந்த வேனுக்கு ஒரு குறையும் இல்லை. சீட் எதில் போல்ட் செய்யப்பட்டிருக்கிறது என்று பார்ப்பது அவருடைய பட்டியலில் இல்லை, அவ்வளவுதான். அரசாங்கத் தரப்பிலும் இப்போது யாரும் பார்ப்பதில்லை. டெக்சாஸில் சொந்த உபயோக வண்டிகளுக்கான வருடாந்தரப் பாதுகாப்புச் சோதனை 2025 ஜனவரி 1 முதல் நீக்கப்பட்டுவிட்டது. டாலஸ், காலின், டென்டன் கவுன்டிகளில் புகைச் சோதனை மட்டும் தொடர்கிறது. புகைக் குழாய்க்கும் சீட் பெல்ட்டுக்கும் சம்பந்தமில்லை.

ஜூன் வெயிலில் முதல் சந்தேகம் வந்தது. முன்னால் குளிர்கிறது, மூன்றாம் வரிசையில் மாமா வேர்த்துக் கொட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். டீலருக்குப் போன் செய்தால் "கேஸ் குறைந்திருக்கும், ரீஃபில் செய்யுங்கள்" என்றார்கள். ஏசிக்காரர் கேஸ் அளவைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். கேஸ் நிறைய இருக்கிறது, பின்பக்க ஏசியே இல்லை! கூரையில் வட்ட வட்டமாக இருந்த காற்றுத் துவாரங்கள் வெறும் பிளாஸ்டிக் மூடிகள். பின்னால் குழாய் எதுவும் கிடையாது. தொழிற்சாலையிலிருந்து ஆள் வேனாக வரும் பெரிய வண்டிகளில் பின்வரிசைகளுக்கென்று தனி ஏசி யூனிட் இருக்கும் என்றார். அது இல்லையென்றால் இது என்ன வண்டி?

பதில் தீயணைப்பு நிலையத்தில் கிடைத்தது. குழந்தைகளின் கார் சீட் சரியாக மாட்டியிருக்கிறதா என்று இங்கே பல தீயணைப்பு நிலையங்களில் பயிற்சி பெற்றவர்கள் காசு வாங்காமல் பார்த்துத் தருகிறார்கள். தம்பி குழந்தையின் சீட்டுக்காகத்தான் போனோம். அங்கே பார்த்துத் தரும் அம்மாள் ஒருவர் வேன் சீட்டின் கீழ்ப்பக்கம் கையை விட்டுத் தடவினார். கொக்கி மாட்டும் கம்பி இல்லை. முதுகுப்புறம் மேல்பட்டை கட்டும் வளையமும் இல்லை. பெல்ட்டைப் பார்த்தார்: இடுப்புப் பெல்ட் மட்டும். 2018 வண்டியில் இது எப்படி என்று அவரே முணுமுணுத்தார். 2007 செப்டம்பருக்குப் பிறகு தயாரான இந்த வகை வண்டிகளில் பின்வரிசைகளுக்கும் தோள் பெல்ட் வேண்டும். பூஸ்டர் சீட்டை இடுப்புப் பெல்ட்டில் வைக்கவே கூடாது.

பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தார். எழுந்து வந்து, "நீங்களே பாருங்கள்" என்றார். என் கணவர் குனிந்து பார்த்தார். தரைத் தகரத்தைத் துளைத்துக்கொண்டு போல்ட் முனைகள் வரிசையாக நீட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு நட்டு, ஒரு சின்ன வாஷர். தாங்கு தகடு எதுவும் இல்லை. வண்டியோடு வரும் சீட் பெல்ட்டின் பிடிமானம், இடுப்புப் பெல்ட்டாக இருந்தால் 5,000 பவுண்டு இழுப்பைத் தாங்க வேண்டும் என்பது ஃபெடரல் (மத்திய அரசு) தரம். எங்கள் பெல்ட்டுகள் சீட்டோடும், சீட்டுகள் அந்தத் தகரத்தோடும் இருந்தன. "இதில் நான் குழந்தை சீட் மாட்டித் தர மாட்டேன், மன்னியுங்கள்" என்று அந்த அம்மாள் சொன்னபோது அத்தைக்கு ஆங்கிலம் புரியாவிட்டாலும் முகம் மாறிவிட்டது.

கிளம்பும் முன் டிரைவர் கதவைத் திறந்து தூணில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் காட்டினார். இந்தப் பதிவில் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வதென்றால் அது இந்த ஸ்டிக்கர்தான். அமெரிக்காவில் விற்கும் ஒவ்வொரு வண்டியிலும் தயாரிப்பாளர் ஒட்டும் சான்று அது. அதன் கீழ்ப்பகுதியில் வண்டியின் வகை அச்சாகியிருக்கும். டிரைவரையும் சேர்த்துப் பத்துப் பேருக்கு மேல் ஏற்றச் செய்த வண்டி சட்டப்படி பஸ். ஆகவே நிஜமான 12 சீட்டரிலும் 15 சீட்டரிலும் "பஸ்" என்றே இருக்கும். பத்துப் பேருக்குள் என்றால் "பல்நோக்குப் பயணி வாகனம்" என்பதன் ஆங்கிலச் சுருக்கமான "எம்பிவி" இருக்கும். எங்களுடையதில் "டிரக்" என்று இருந்தது. பக்கத்தில் உள்ள டயர் ஸ்டிக்கரில் சீட் எண்ணிக்கை இரண்டு!

வண்டியின் அடையாள எண்ணான வின் நம்பரிலேயும் இது தெரியும். ஃபோர்டு வேன் என்றால் மூன்றாவது எழுத்தைப் பாருங்கள். பஸ்ஸின் ஆங்கில முதல் எழுத்தான "பி" இருந்தால் பெரிய ஆள் வேன், டிரக்கின் முதல் எழுத்தான "டி" இருந்தால் சரக்கு வேன். மற்ற கம்பெனிகளுக்கு, சாலைப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான என்எச்டிஎஸ்ஏவின் தளத்தில் வின் நம்பரைப் போட்டால் வகையை விரித்துச் சொல்லிவிடும், இலவசம். ஆகவே வண்டியைப் பார்க்கப் போகவே வேண்டாம். கதவுத் தூண் ஸ்டிக்கரைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கினால் பெட்ரோல் மிச்சம்.

"சீட் போட்டு மாற்றிய வேன் எல்லாமே மோசடியா?" என்று தம்பி கேட்டான். இல்லை. முதல் வாடிக்கையாளருக்கு விற்கும் முன்பே முறையாக மாற்றும் கம்பெனிகள் இருக்கின்றன. அவர்கள் தங்கள் பெயரில் இரண்டாவது சான்று ஸ்டிக்கர் ஒட்டியாக வேண்டும். ஓட்டை இருப்பது பழைய வண்டியில். முதல் விற்பனை முடிந்த பிறகு கூடுதலாகச் சீட் சேர்க்கிறவர் புதிய சான்று எதுவும் தர வேண்டியதில்லை. இருக்கிற பாதுகாப்பு அமைப்பைக் கெடுக்கக் கூடாது என்பதுதான் பட்டறைகளுக்கான விதி. சரக்கு வேனின் பின்பக்கத்தில் கெடுப்பதற்கு என்ன இருக்கிறது? பக்கவாட்டுத் திரை ஏர்பேக்கூட அங்கே இல்லை.

டீலரிடம் போனோம். "நாங்கள் ஏலத்தில் வாங்கியதே இப்படித்தான்" என்றார். புதுச் சீட் போட்டதாகப் பெருமை பேசிய அதே வாய். கண்ணாடியில் ஒட்டியிருந்த "வாங்குவோர் வழிகாட்டி" என்ற தாளில் "உள்ளது உள்ளபடி, உத்தரவாதம் இல்லை" என்ற கட்டத்தில் டிக் இருந்ததைச் சுட்டிக்காட்டினார். மூன்று நாளைக்குள் திருப்பித் தரலாம் என்று நம்மவர்கள் பலர் நம்புகிறார்கள். டீலர் கடையில் வாங்கிய காருக்கு அப்படி ஒரு ஃபெடரல் சட்டம் இல்லை. ஆனால் "உள்ளது உள்ளபடி" என்பது பொய் சொல்வதற்கு லைசென்ஸும் இல்லை. பொய்யான தகவலைச் சொல்லி வாங்க வைத்திருந்தால் அந்த வாசகம் விற்றவரைக் காப்பாற்றாது என்று டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் 1995இலேயே சொல்லிவிட்டது. எங்களிடம் "12 சீட்டர் பயணி வேன்" என்ற விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் இருந்தது. கூடவே ஸ்டிக்கரின் படம், ஏசிக்காரரின் ரசீது, அடிப்பக்கப் போல்ட் படங்கள்.

வக்கீல் ஒருவர் டெக்சாஸ் ஏமாற்று வணிகத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நோட்டீஸ் எழுதித் தந்தார். வழக்குப் போடும் முன் 60 நாள் அவகாசம் கொடுத்து அனுப்ப வேண்டும். தெரிந்தே செய்தார்கள் என்று நிரூபணமானால் நஷ்டத்தில் மூன்று மடங்கு வரை கோர்ட் தரலாம் என்பதால் டீலர்கள் இதற்குப் பயப்படுவார்கள் என்றார். விலை வித்தியாசத்தை மட்டும் கேட்பதென்றால் 20,000 டாலர் வரை, சின்ன வழக்குகளைப் பார்க்கும் ஜஸ்டிஸ் கோர்ட்டிலேயே போடலாம். மாநில மோட்டார் வாகனத் துறையிலும் தனியாகப் புகார் கொடுத்தோம். டீலர் லைசென்ஸ் அவர்கள் கையில்தான் இருக்கிறது.

அவகாசம் முடியும் முன்பே போன் வந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு விலையைத் திருப்பித் தந்தார்கள். 6.25 சதவீத விற்பனை வரி, கடன் வட்டி, ஏசி செலவு, வக்கீல் ஃபீஸ் எதையும் தரவில்லை. கையெழுத்துக்கு வந்த தாளில் "இதைப் பற்றி வெளியே பேசக் கூடாது" என்று ஒரு வரி இருந்தது. அதை அடித்துவிட்டுத்தான் போட்டோம். எங்களை டீலரிடம் அனுப்பிய அந்த வாட்ஸ்அப் குழு ஆள், "எனக்கு எப்படிக்கா தெரியும், நான் என்ன மெக்கானிக்கா?" என்றார். 300 டாலரைப் பற்றிக் கேட்டேன். குழுவை விட்டு வெளியேறிவிட்டார்.

இன்னொன்று. பல வேன்களில் மீட்டர் பொத்தானை அழுத்திக்கொண்டே போனால் எஞ்சின் ஓடிய மணி நேரம் தெரியும். எங்களுடையதில் 6,100. 84,000 மைலை அதால் வகுத்தால் மணிக்குப் பதினான்கு மைல்கூட இல்லை. வீடு வீடாக நின்று பார்சல் போட்ட வண்டிக்குத்தான் அப்படி வரும். ஒரே குடும்பம் நெடுஞ்சாலையில் ஓட்டியது என்று விற்பனையாளர் சொன்ன கதையை அந்த ஒரு வகுத்தலே உடைத்திருக்கும்.

இப்போது எங்களிடம் இருப்பது ஸ்டிக்கரில் "பஸ்" என்றே போட்ட 12 சீட்டர். அதுவும் சாதுவான வண்டி இல்லை. பழைய 15 சீட்டர்களில் பத்துப் பேரோ அதற்கு மேலோ ஏறினால், தனியாக மோதும் விபத்தில் உருளும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்காகிறது என்று என்எச்டிஎஸ்ஏ 2001இலேயே எச்சரித்தது. எடை மேலேயும் பின்னச்சுக்கு அப்பாலும் போய்விடுவதுதான் காரணம். அதனால் கூரையில் பெட்டி கட்டுவதில்லை, ஆள் குறைவாக இருந்தால் எல்லோரையும் முன்வரிசைகளில் உட்கார வைக்கிறோம். உருளாமல் பிடித்து நிறுத்தும் எலக்ட்ரானிக் நிலைப்பு அமைப்பு 15 சீட்டர்களில் செவர்லேயில் 2004இலிருந்தும் ஃபோர்டில் 2006இலிருந்தும் எல்லா வண்டியிலும் கூடவே வந்தது. அதற்கு முந்தைய வண்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். டயரில் முன்னுக்கும் பின்னுக்கும் காற்று வேறு வேறு. பின்னால் 80 பிஎஸ்ஐ வரை கேட்கும் வேன்கள் உண்டு.

குறையைச் சரிசெய்ய கம்பெனி வண்டிகளைத் திரும்ப அழைக்கும் ரீகாலையும் பார்த்துவிடுங்கள். 2015 முதல் 2017 வரையான டிரான்சிட் வேன்கள் பலவற்றில் சக்கரத்துக்கு விசையைக் கொண்டுபோகும் தண்டான டிரைவ்ஷாஃப்டின் இணைப்பு உடையக்கூடும் என்று ஃபோர்டு 2017இல் ரீகால் செய்தது. நிரந்தரத் தீர்வு வரும்வரை 30,000 மைலுக்கு ஒரு முறை அந்த இணைப்பை மாற்றச் சொன்னார்கள். அதைச் செய்யாமலே பழைய வண்டியை விற்பதை ஃபெடரல் சட்டம் டீலருக்குத் தடுக்கவில்லை. வேலை இலவசம்தான், கம்பெனி டீலரிடம் நீங்களே கொண்டுபோய்ச் செய்துகொள்ள வேண்டும்.

ஏற்கெனவே இப்படி ஒரு வேன் வாங்கிவிட்டவர்கள் இன்றே கதவுத் தூணைப் பாருங்கள். "டிரக்" என்று இருந்து, இரண்டாவது ஸ்டிக்கரும் இல்லையென்றால் பின்வரிசைகளில் யாரையும் ஏற்றாதீர்கள். இன்சூரன்ஸ்காரரிடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள். அவர்கள் கணக்கில் அது சரக்கு வேனாக இருந்தால், பின்னால் உட்கார்ந்தவருக்கு அடிபடும்போது தகராறு வரும். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் கையில் இல்லாவிட்டாலும் விற்பனையாளரோடு பேசிய குறுஞ்செய்திகள் இருக்கும். அவற்றை அழித்துவிடாதீர்கள். எங்கள் வக்கீல் முதலில் கேட்டது அவற்றைத்தான்.