நீலத்திரை காட்டும் லேப்டாப்: எந்தக் கிராபிக்ஸ் டிரைவரை வைத்துக்கொள்வது?

கடந்த ஆவணி முகூர்த்த நாட்களில், ஒரே வாரத்தில் ஐந்து முறை என் லேப்டாப் நீலத்திரை காட்டி நின்றது. திருமண ஆல்பம் வடிவமைப்பது என் தொழில். மாலை மாற்றும் பக்கத்தை அடுக்கி முடித்துவிட்டு டீ போட எழுந்து போவேன். திரும்பி வந்து மவுஸைத் தொட்டதும் அம்புக்குறி ஒரு விரற்கடை நகர்ந்து அப்படியே நிற்கும். ஓடிக்கொண்டிருந்த பாட்டு ஓர் எழுத்தில் சிக்கிக்கொண்டு ரீங்காரமிடும். அதன் பிறகு நீலம். கடைசியாகச் சேமித்ததற்குப் பின் செய்த வேலை அத்தனையும் போயிருக்கும்.

சர்வீஸ் சென்டரில் பார்த்த தம்பி, “போர்டு போய்விட்டது அக்கா, மாற்றினால் 28,000 ரூபாய் ஆகும்” என்றார். லேப்டாப் வாங்கி அப்போது மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அவ்வளவு பணத்தைக் கொடுப்பதற்கு முன், கிராபிக்ஸ் சிப்பை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருளான டிரைவரை ஒருமுறை சந்தேகித்துப் பார்ப்போம் என்று எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த சில மாதங்களில் நான்கு வழிகளை முயன்றேன். விண்டோஸ் அப்டேட் தானாகக் கொண்டுவரும் டிரைவர், சிப் தயாரிக்கும் நிறுவனம் வெளியிடும் புத்தம் புதிய டிரைவர், லேப்டாப் நிறுவனம் தன் தளத்தில் அந்த மாடலுக்கென்று வைத்திருக்கும் டிரைவர், தனிக் கிராபிக்ஸ் சிப்பையே முடக்கி வைப்பது என்பவை அந்த நான்கு. நான் நிலைத்தது மூன்றாவதில். அதற்குக் காரணம் வேகமோ படத்தின் தரமோ அல்ல, பராமரிப்பு. அதைத்தான் கீழே விரிவாகச் சொல்லப்போகிறேன்.

அதற்கு முன், கோளாறு டிரைவரில்தானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். நீலத்திரையின் அடியில் பொடி எழுத்தில் ஒரு பெயர் வரும். (விண்டோஸ் 11-இன் புதிய பதிப்புகளில் அந்தத் திரை கறுப்பாகிவிட்டது. ஆனால் பெயர் வருவது மாறவில்லை.) எனக்கு வந்தது ‘வீடியோ டிடிஆர் ஃபெயிலியர்’, பிழை எண் 116. விஸ்டா என்ற பழைய பதிப்பின் காலத்திலிருந்தே விண்டோஸில் இருக்கும் ஏற்பாடு இது. கிராபிக்ஸ் சிப்பிடம் கொடுத்த வேலைக்கு இரண்டு விநாடிக்குள் பதில் வராவிட்டால், விண்டோஸ் அந்த டிரைவரை மட்டும் நிறுத்தி மறுபடி ஓடவிடும். திரை ஒரு கணம் இருண்டு திரும்பும். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் 4101 என்ற எண்ணில் அது பதிவாகும். அப்படி மீட்க முடியாமல் போனாலோ, ஒரே நிமிடத்துக்குள் ஆறாவது முறையாக அது நேர்ந்தாலோ மொத்த இயந்திரமும் நின்றுவிடும். என் லேப்டாப்பில் 4101-ஐத் தேடினேன். இரண்டு மாதத்துப் பதிவுகள் வரிசையாக இருந்தன. திரை அவ்வப்போது கண் சிமிட்டியதை மின்சாரத்தின் ஏற்ற இறக்கம் என்று நினைத்து விட்டிருந்தேன்.

அடுத்த சந்தேகம் சூடு. சூட்டினால் நிற்கும் லேப்டாப் பெரும்பாலும் வேலை மும்முரத்தில் நிற்கும். நாற்பது பக்கங்களையும் அச்சுக்கு ஏற்றுமதி செய்யும்போது விசிறி இரைந்துகொண்டிருக்குமே, அந்த நேரத்தில். என்னுடையதோ அந்த வேலையையெல்லாம் ஒழுங்காக முடித்துவிட்டு, சும்மா இருந்து எழும்போது விழுந்தது. உறங்கிக்கொண்டிருந்த சிப்பை டிரைவர் எழுப்புகிற இடத்தில் சிக்கல் என்று அதிலிருந்துதான் ஊகித்தேன். இன்னொரு சோதனையும் உண்டு. லேப்டாப்பை இயக்கியதும் விண்டோஸ் வருவதற்கு முன்பே, நிறுவனச் சின்னம் தெரியும்போதே திரையில் கோடுகளோ வண்ணக் கட்டங்களோ வந்தால் அது டிரைவர் வேலை அல்ல. அந்த நேரத்தில் விண்டோஸ் டிரைவர் ஏறியே இருக்காது. அப்படி வந்தால் சர்வீஸ் சென்டர் சொல்வதைக் கேட்பதுதான் சரி.

டிரைவரைச் சந்தேகிப்பது வீண் வேலை என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய கணக்கு. விஸ்டா ஓடும் என்று கணினிகளில் ஒட்டப்பட்ட ‘விஸ்டா கேப்பபிள்’ முத்திரை தொடர்பான வழக்கில் 2008-இல் வெளியான மைக்ரோசாஃப்டின் உள் ஆவணங்களில், 2007-இல் பதிவான விஸ்டா செயலிழப்புகளில் ஏறக்குறைய 29 விழுக்காடு கிராபிக்ஸ் சிப் நிறுவனமான என்விடியாவின் டிரைவர்களால் நேர்ந்தவை என்று இருந்தது. டிரைவர்கள் அன்றைக்கு இருந்ததைவிட எவ்வளவோ மேம்பட்டுவிட்டன. ஆனாலும் 2025 தொடக்கத்தில் அதே நிறுவனத்தின் 572 வரிசை டிரைவர்களில் திரை கறுத்துப்போகும் புகார்கள் குவிந்து, அடுத்தடுத்துத் திருத்தங்கள் வெளியிட வேண்டியிருந்தது.

விண்டோஸ் அப்டேட் தரும் டிரைவரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எந்தக் கோளாறும் இல்லாத லேப்டாப்புக்கு அது போதும். என் அம்மாவின் லேப்டாப்பில் அதுதான் இருக்கிறது, ஒரு குறையும் இல்லை. நீலத்திரை தொடங்கிவிட்ட லேப்டாப்பில் அதையே நம்பி இருப்பதுதான் தவறு. எது எப்போது மாறியது என்று நமக்குச் சொல்லாமலே மாறிவிடும்.

சிப் நிறுவனத்தின் புதிய டிரைவர்தான் எல்லோரும் முதலில் சொல்லும் வைத்தியம். நானும் அதைத்தான் முதலில் செய்தேன். பதினொரு நாள் நிம்மதியாகப் போனது. மூன்று ஆல்பங்களை முடித்துக் கொடுத்தேன். பன்னிரண்டாம் நாள் காலையில் மறுபடி நீலம். லேப்டாப்பின் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து டிரைவர் தேதியைப் பார்த்தால், நான் போட்டதைவிடப் பழைய தேதி. நான் போட்ட டிரைவர் அங்கே இல்லை. இரவில் வந்த அப்டேட் அதை எடுத்துவிட்டுத் தன்னிடம் இருந்ததைப் போட்டிருந்தது. ஆகவே புதிய டிரைவர் கெட்டது என்று என்னால் சொல்ல முடியாது. அது இருந்தவரை ஒழுங்காகத்தான் இருந்தது. பதினொரு நாளை வைத்து நல்லது என்று சான்று கொடுக்கவும் முடியாது. புதிதாக வரும் விளையாட்டுகளுக்காக லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு இந்த வழிதான் தேவைப்படும் என்று நினைக்கிறேன். அந்தப் பக்கம் எனக்குப் பழக்கம் இல்லை.

விண்டோஸ் புதியதை எடுத்துவிட்டுப் பழையதை ஏன் போட வேண்டும்? இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு வழி தெரிந்தது. கிராபிக்ஸ் சிப்பின் அடையாள எண்ணில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று அது எந்தச் சிப் என்பதைச் சொல்லும். மற்றொன்று அது எந்த நிறுவனத்தின் எந்த லேப்டாப்பில் இருக்கிறது என்பதைச் சொல்லும். இரண்டு டிரைவர்கள் போட்டிக்கு வந்தால், விண்டோஸ் முதலில் தேதியைப் பார்ப்பதில்லை. அடையாளம் எதற்கு நெருக்கமாகப் பொருந்துகிறது என்றுதான் பார்க்கும். அதில் சமமாக இருந்தால்தான் தேதி, அதன் பின் பதிப்பு எண். இந்த லேப்டாப்புக்கென்றே பதிவான பழைய டிரைவர், எல்லாருக்கும் பொதுவான புதிய டிரைவரைத் தோற்கடித்துவிடுவது இப்படித்தான். மற்றொரு சிப் நிறுவனமான ஏஎம்டியின் மென்பொருளில் ‘விண்டோஸ் அப்டேட் உங்கள் டிரைவரை மாற்றியிருக்கலாம்’ என்ற எச்சரிக்கையே தனியாக வரும். அந்த அளவுக்கு இது பரவலான தொல்லை.

ஆக, புதிய டிரைவரை வைத்திருப்பதென்றால் விண்டோஸோடு ஓயாத இழுபறி. லேப்டாப் நிறுவனத்தின் டிரைவரிலோ அந்த இழுபறி பாதியாகக் குறைகிறது, ஏனென்றால் அடையாளப் பொருத்தத்தில் அதுவும் முன்வரிசையில் இருக்கிறது.

அதற்கு இன்னொரு பலமும் உண்டு. என்னுடையதைப் போன்ற பல லேப்டாப்களில் கிராபிக்ஸ் சிப் இரண்டு. பிராசஸருக்குள் இருப்பது திரையை நடத்தும். தனிச் சிப் கனமான வேலையைச் செய்து, முடித்த படத்தை முதலாவதிடம் கொடுக்கும். இரண்டுக்கும் தனித்தனி டிரைவர். லேப்டாப் நிறுவனம் இரண்டையும் அந்த மாடலில் சேர்த்துச் சோதித்து வெளியிடுகிறது. விண்டோஸ் அப்டேட் ஒன்றை மாற்றிவிட்டு மற்றதை அப்படியே விட்டுவிடும். பன்னிரண்டாம் நாள் எனக்கு நடந்தது இதுதான் என்பது என் கணிப்பு. தனிச் சிப்பின் டிரைவர் தேதிதான் மாறியிருந்தது, மற்றதன் தேதி நான் போட்டபடியே இருந்தது.

மாற்றிய விதத்தையும் சொல்லிவிடுகிறேன், இங்கே அவசரப்பட்டால் பலன் இல்லை. லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில் என் மாடல் எண்ணைக் கொடுத்து, இரண்டு சிப்புகளின் டிரைவர்களையும் முதலில் பென்டிரைவில் இறக்கிக்கொண்டேன். வட்டு பூட்டப்பட்டிருந்தால், அத்தியாவசிய டிரைவர்களோடு மட்டும் விண்டோஸ் ஓடும் சேஃப் மோடுக்குப் போகும்போது, வட்டைப் பூட்டும் பிட்லாக்கர் மீட்புச் சாவியைக் கேட்கலாம். 48 இலக்கங்கள். அதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். பிறகு வைஃபையை அணைத்தேன். இணையம் இருந்தால், பழையதைத் துடைத்த மறு நிமிடமே விண்டோஸ் தன் டிரைவரைக் கொண்டுவந்துவிடும். சேஃப் மோடில் ‘டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்’ என்ற இலவச மென்பொருளை ஓட்டி இரண்டு டிரைவர்களையும் வேரோடு எடுத்தேன். மறுபடி இயக்கியதும் எழுத்துகள் பருத்துத் தெரிந்தன, திரை வெளிச்சத்தைக் கூட்டும் விசை வேலை செய்யவில்லை. பயந்துவிட வேண்டாம். டிரைவர் இல்லாதபோது விண்டோஸ் தன் அடிப்படை டிரைவரில் ஓடும் நிலை அது. பிராசஸர் சிப்பின் டிரைவரை முதலில் போட்டு, மறுபடி இயக்கி, அதன்பின் தனிச் சிப்பின் டிரைவரைப் போட்டேன்.

வைஃபையைத் திரும்ப இயக்குவதற்கு முன் செய்ததுதான் எல்லாவற்றிலும் முக்கியம். என்னிடம் இருப்பது விண்டோஸ் புரோ. விண்டோஸின் நடத்தைக்கு விதிகள் வகுக்கும் குரூப் பாலிசியில், விண்டோஸ் அப்டேட்டுடன் டிரைவர்களைச் சேர்க்கக் கூடாது என்ற விதி ஒன்று உண்டு. அதை இயக்கினேன். ஹோம் பதிப்பில் அந்தத் திரை கிடையாது. அதே விதியை, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் எழுதலாம் என்கிறார்கள், அதை நான் செய்து பார்த்ததில்லை. டிரைவரைத் தேர்ந்தெடுப்பது ஒரு மணி நேர வேலை. தேர்ந்தெடுத்தது நாளைக்கும் அங்கேயே இருக்கச் செய்வதில்தான் பலரும் தோற்கிறார்கள். மூன்று முறை சரியான டிரைவரைப் போட்டும் குணமாகவில்லை, அதனால் போர்டுதான் கெட்டிருக்கிறது என்று முடிவுக்கு வந்த ஒரு தோழியின் லேப்டாப்பைப் பார்த்தேன். அதிலும் டிரைவர் தேதி அவர் போட்ட தேதி அல்ல.

இந்த விதிக்கு விலையும் உண்டு. வைஃபை, புளூடூத், பிரிண்டர் டிரைவர்களும் இனித் தானாக வராது. கிராபிக்ஸ் டிரைவர்களிலும் பாதுகாப்பு ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டுத் திருத்தப்படுகின்றன, ஆகவே ஒரே பதிப்பை ஆண்டுக்கணக்கில் கட்டிப்பிடித்துக்கொண்டும் இருக்க முடியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை லேப்டாப் நிறுவனத்தின் பக்கத்தைத் திறந்து பார்க்கிறேன். புதியது வந்திருந்தால், ஆல்பம் வேலை இல்லாத வாரமாகப் பார்த்து மாற்றுகிறேன். மார்கழி அதற்கு ஏற்ற மாதம். பழைய மாடல்களுக்கு அந்தப் பக்கத்தில் புதிதாக எதுவும் வராமல் நின்றுவிடுகிறது. இந்த வழியின் பெரிய பலவீனம் அதுதான். அப்போது சிப் நிறுவனத்தின் டிரைவருக்குப் போவதைத் தவிர வேறு வழி இருக்காது.

அன்றைக்கே, விண்டோஸுக்கு முன் லேப்டாப்பைத் தொடங்கிவைக்கும் மென்பொருளான பயாஸையும் புதுப்பித்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் செய்ததால், குணமானதில் எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. 4101 பதிவுகள் நின்றுபோனதை வைத்துப் பார்த்தால் பெரும்பங்கு டிரைவருக்கே என்று நம்புகிறேன்.

தனிச் சிப்பை முடக்கி வைப்பதை இதற்கு முன், அவசர வேலை இருந்த ஒரு வாரத்தில் செய்தேன். நீலத்திரை உடனே நின்றது. கணக்கு எழுதவும் கடிதம் அடிக்கவும் மட்டும் லேப்டாப் வைத்திருப்பவர்கள் அதோடு நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு இரண்டு இடைஞ்சல்கள். ஸ்டுடியோவில் மணமகள் வீட்டாருக்கு ஆல்பத்தைப் பெரிய டிவியில் காட்ட எச்டிஎம்ஐ வயரைச் செருகினால் படம் வரவில்லை. என் லேப்டாப்பில் அந்தத் துளை தனிச் சிப்போடு இணைக்கப்பட்டிருக்கிறது. பாட்டரியும் முன்பைவிடச் சீக்கிரம் தீர்ந்தது. சிப்பை உறங்க வைப்பதும் டிரைவரின் வேலைதானே, அதை முடக்கிவிட்டால் உறங்க வைக்க ஆளில்லை.

அந்த இரண்டு விநாடிக் கெடுவை ரெஜிஸ்ட்ரியில் எட்டு, பத்து விநாடிகளாக நீட்டச் சொல்லும் யோசனையும் வரும். சிப் நிஜமாகவே நீண்ட நேரம் எடுத்துக்கொள்ளும் கனமான கணக்கீடுகளுக்கு அது உதவும். உறக்கத்திலிருந்து எழாத சிப்புக்கு அவகாசம் கொடுத்துப் பயனில்லை என்று நினைத்து நான் தொடவில்லை.

மாற்றி எட்டு மாதங்கள் ஆகின்றன. நீலத்திரை வரவில்லை. திரை உறைவது போல் ஒரே ஒருமுறை இருந்தது. விண்டோஸ், கன்ட்ரோல், ஷிப்ட் விசைகளுடன் பி (B) விசையையும் சேர்த்து அழுத்தினேன். பீப் என்று ஒரு சத்தம், திரை ஒருமுறை சிமிட்டித் தெளிந்தது. டிரைவரை மட்டும் மறுபடி தொடங்கும் குறுக்குவழி அது. சேமிக்காத பக்கம் தப்பித்தது. இப்போது ஓடும் இரண்டு டிரைவர்களின் நிறுவல் கோப்புகளும் பென்டிரைவில் அப்படியே இருக்கின்றன. லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில் பழைய பதிப்புகள் எப்போதும் கிடைக்கும் என்று சொல்வதற்கில்லை. பென்டிரைவின் மேல் வெள்ளை ஒட்டுத்தாளில் தேதியையும் பதிப்பு எண்ணையும் எழுதி, மீட்புச் சாவி எழுதிய தாளைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டு மேசை டிராயரில் வைத்திருக்கிறேன்.