கார் திரையில் எந்த வரைபடம்: கூகுள், மேப்பிள்ஸ், ஆப்பிள், வேஸ்

கிண்டி கத்திப்பாரா மேம்பாலத்தை முதன்முறையாகக் கடக்கும் ஓட்டுநருக்கு, அண்ணா சாலைக்கும் கோயம்பேட்டுக்கும் பூந்தமல்லிக்கும் பிரியும் வழிகள் அடுத்தடுத்து வரும்போது, எந்தப் பக்கம் ஒதுங்கி நிற்க வேண்டும் என்பது சில நூறு மீட்டருக்கு முன்பே தெரிந்தாக வேண்டும். தவறவிட்டால் அடுத்த யூ-டர்ன் வரை போய்த்தான் திரும்ப வேண்டும். கார் டேஷ்போர்டில் ஓடும் வழிகாட்டிச் செயலிகளை மதிப்பிட, என்னைப் பொறுத்தவரை இதைவிடக் கடினமான தேர்வு இல்லை.

ஒப்பீட்டுக்கு முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். கைப்பேசிச் செயலிகளைக் கார் திரையில் காட்ட உதவும் ஆண்ட்ராய்டு ஆட்டோவிலும், ஐபோனுக்கான கார்பிளேயிலும் செயலி இயங்குவது காருக்குள் அல்ல, நம் கைப்பேசிக்குள்தான். காரின் திரை அதன் படத்தை வாங்கிக் காட்டுகிறது, அவ்வளவே. ஆகவே கைப்பேசி சூடேறித் திணறினால் திரையிலுள்ள வரைபடமும் திணறும். கம்பியில்லா இணைப்பில் வைஃபை, ஜிபிஎஸ், மொபைல் டேட்டா ஆகிய மூன்றும் ஒருசேர ஓடுவதால், சித்திரை வெயிலில் கண்ணாடிக்கு அடியில் வைக்கப்பட்ட கைப்பேசி விரைவிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். நெடும்பயணத்துக்குக் கம்பி இணைப்பே நல்லது, சார்ஜும் ஏறும்.

கூகுள் மேப்ஸின் பெரும்பலம் போக்குவரத்து நெரிசல் பற்றிய கணிப்பு. கோடிக்கணக்கான கைப்பேசிகளின் நகர்வைக் கொண்டு கணிக்கப்படுவதால், மெட்ரோ பணிகளுக்காகச் சாலைகள் அடிக்கடி திருப்பிவிடப்படும் சென்னையில், அலுவலக நேரத்தில் எந்தச் சாலை உறைந்து நிற்கிறது என்பதை அறிய இதற்கு ஈடாக வேறொன்றை நான் சொல்லமாட்டேன். அதன் பழைய குறை, பாலத்தின் மேலே போவதா கீழே போவதா என்று சொல்லாமல் விடுவது. 2024 ஜூலையில் இந்தியாவின் 40 நகரங்களுக்கு மேம்பாலக் குறிப்பை அறிவித்து அந்தக் குறையைக் களைய முற்பட்டது. அதே சமயத்தில், கார் நுழைய இயலாத குறுகிய தெருக்களைத் தவிர்க்கும் வசதியை எட்டு நகரங்களுக்கு அறிவித்தது. சென்னையும் கோவையும் அதில் இருந்தன, மதுரையும் திருச்சியும் அந்த முதற்பட்டியலில் இல்லை. மாசி வீதிகளுக்கு இடைப்பட்ட சந்துகளை அறிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விடுபடல் என்று விளக்க வேண்டியதில்லை.

மேப்பிள்ஸ் இதற்கு நேரெதிர்த் திசையிலிருந்து வருகிறது. 1995-இல் தொடங்கப்பட்ட மேப்மைஇந்தியா நிறுவனத்தின் செயலி இது. கைப்பேசியில் வரைபடம் பார்க்கும் பழக்கம் வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்தியச் சாலைகளை அளந்து பதிவுசெய்யத் தொடங்கிய நிறுவனம் என்பதால், அதன் அக்கறைகளும் நம் சாலையின் அக்கறைகளாகவே இருக்கின்றன: வேகத்தடை, கூர்மையான வளைவு, வேகக் கண்காணிப்புக் கேமரா ஆகியவற்றைப் பற்றி முன்கூட்டியே எச்சரிக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, பெரிய சந்திப்புகளை நெருங்கும்போது அந்தச் சந்திப்பின் முப்பரிமாணப் படத்தைத் திரையில் விரித்து, நாம் செல்ல வேண்டிய தடத்தை அம்புக்குறியால் காட்டுகிறது. கத்திப்பாராவிலும் மதுரவாயலிலும் குரலைவிட இந்தப் படமே உதவும் என்பது என் துணிபு. அகலமான கார் திரையில் அதை ஓரக்கண்ணால் பார்த்தாலே போதும். கைப்பேசியின் சிறு திரையில் இவ்வசதிக்குப் பாதி மதிப்புக்கூட இல்லை. ஆயினும் நெரிசல் கணிப்பு என்பது பயனர் எண்ணிக்கையைச் சார்ந்தது. அந்த இடத்தில் கூகுளை எட்டிப்பிடிப்பது எளிதல்ல. புதிதாகத் திறந்த கடையைத் தேடுவதிலும் கூகுளே முந்துகிறது.

ஆப்பிள் மேப்ஸைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கார்பிளே 2014-இல் அறிமுகமானபோது அதில் ஓடிய ஒரே வரைபடம் அதுவே; 2018-இல் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ்-இன் 12-ஆம் பதிப்பு வந்த பிறகே கூகுள் மேப்ஸுக்கும் வேஸுக்கும் கதவு திறந்தது. இந்தியாவில் ஒவ்வொரு திருப்பத்துக்கும் வழிசொல்லும் வசதி ஆப்பிள் மேப்ஸுக்கு 2019-இல்தான் கிடைத்தது. திரையில் அதன் தோற்றம் மற்ற மூன்றையும்விடத் தெளிவானது. எழுத்தளவும் நிறமும் ஓட்டுபவரின் கண்ணை எண்ணியே அமைக்கப்பட்டவை. ஆனால் வரைபடத்துக்கு அழகு இரண்டாம்பட்சம்தானே!

2013 முதல் கூகுளுக்குச் சொந்தமான வேஸ், ஓட்டுநர்கள் ஒருவருக்கொருவர் தரும் தகவலை நம்பியே வளர்ந்தது. விபத்து, பள்ளம், காவல் சோதனை என்று பலர் பதிவிடும் ஊர்களில் அது சிறந்த துணை. பதிவிடுவோர் குறைந்த சாலையில் வெறும் வரைபடமாகிவிடுகிறது. திண்டிவனத்தைத் தாண்டிய பிறகும் அதை நம்பியிருக்க நான் துணியமாட்டேன்.

மலைப்பாதைதான் எல்லாச் செயலிகளையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறது. வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளிலோ கொல்லிமலையின் 70 வளைவுகளிலோ சிக்னல் விட்டுவிட்டு வந்தால், முன்கூட்டியே இறக்கிவைத்த வரைபடமே கைகொடுக்கும். கூகுளில் இவ்வசதி நெடுநாளாக உண்டு. ஆப்பிளுக்கு 2023-இல் ஐஓஎஸ் 17-உடன் வந்தது. இணையமின்றி ஓடும்போது நெரிசல் தகவல் கிடைக்காது என்றாலும் மலையில் அது பெரிய இழப்பல்ல. பாதையின் தன்மையைப் பற்றிய ஐயமே அங்கு பெரிது. 2024 ஜனவரியில், கூடலூரிலிருந்து கர்நாடகத்துக்குத் திரும்பிய சுற்றுலாப் பயணிகளின் கார், வரைபடம் காட்டிய வழியில் போய்ப் படிக்கட்டில் சிக்கி நின்றதைச் செய்திகளில் பலரும் படித்திருப்பீர்கள். உதகையிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்குவதற்கு வெளியூர் வாகனங்களுக்குக் கட்டுப்பாடு உண்டு என்பதையும் திரையைவிடச் சோதனைச்சாவடியில் கேட்பதே உறுதியானது.

ஆக, என் திரையில் நகரத்துக்குள் கூகுள் மேப்ஸ், புறவழிச்சாலையும் மேம்பாலங்களும் நிறைந்த நெடும்பயணத்துக்கு மேப்பிள்ஸ் என்று மாற்றிக்கொள்கிறேன். இரண்டிலும் குரல் வழிகாட்டலைத் தமிழில் வைக்கலாம். சேருமிடத்தை மட்டும் வண்டி நகருமுன் கைப்பேசியிலேயே குறித்துவிடுவது நல்லது. வண்டி ஓடத் தொடங்கியதும் திரையின் விசைப்பலகை பெரும்பாலும் பூட்டிக்கொள்ளும், அதன்பின் ஒரு தெருப்பெயரை அதன் காதில் போடுவதற்குள் அந்தத் தெருவே கடந்துபோயிருக்கும்.