டேட்டாபேஸுக்கு கிளஸ்டர் ஸ்டோரேஜ் அமைத்துத் தருகிறோம் என்று வருபவர்களிடம் ஜாக்கிரதை: மூன்றரை லட்சம் போச்சு

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் போனது போகட்டும் என்று விட்டுவிடுவேன், இன்னொருவர் போய் அதே ஆட்களிடம் மாட்டுவார். கொடுத்தது மூன்றரை லட்சம். கையில் இருப்பது நம்ப முடியாத ஒரு டேட்டாபேஸ்.

பெயர் போடவில்லை. சர்வர், ஸ்டோரேஜ், டேட்டாபேஸ் எல்லாவற்றையும் நாங்களே அமைத்து, பராமரிப்பும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லும் ரகம். இப்படிப்பட்டவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

நாங்கள் கேட்டது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. எங்கள் பில்லிங் மென்பொருளின் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ் ஒரே சர்வரில் ஓடிக்கொண்டிருந்தது. அது படுத்தால் எல்லாம் படுத்துவிடும். அதனால் மூன்று சர்வரில் செஃப் கிளஸ்டர் (பல சர்வர்களின் வட்டுகளை ஒரே ஸ்டோரேஜாகச் சேர்க்கும் மென்பொருள்), அதன் மேல் டேட்டாபேஸ், எழுதுவது எல்லாம் மூன்று பிரதியாக மூன்று சர்வரிலும் இருக்க வேண்டும். கொட்டேஷனிலேயே ‘மூன்று பிரதிகள்’ என்று அச்சடித்துத் தந்தார்கள். அதற்குத்தான் அந்த மூன்றரை லட்சம்.

ஒப்படைக்கும் அன்று வந்த எஞ்சினியர் பில் போடும் டெஸ்ட்டை ஓட விட்டார். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு சர்வரின் பவர் கேபிளை எங்கள் கண் முன்னால் உருவினார். திரை கொஞ்ச நேரம் தயங்கியது, அப்புறம் எண்கள் மறுபடியும் ஓட ஆரம்பித்தன. “பார்த்தீங்களா சார்? ஒரு மெஷின் செத்தாலும் உங்க டேட்டா அசையாது” என்றார். வேகமும் பழைய சர்வரைவிடப் பல மடங்கு. அறையில் இருந்த எல்லோரும் அந்த இடத்தில்தான் அவரை நம்பினோம். பாக்கித் தொகையும் அன்றைக்கே போனது.

பிறகு ஒரு நாள் மின்சாரம் போய், யூபிஎஸ்ஸும் கைவிட்டு, மூன்று சர்வரும் ஒரே நேரத்தில் அணைந்தன. திரும்ப எழுந்தபோது செஃப் ‘ஹெல்த் ஓகே’ என்றது. போஸ்ட்கிரெஸ் மட்டும் எழவில்லை. செல்லுபடியாகும் செக்பாயின்ட் ரெக்கார்டு (மீட்பை எங்கிருந்து தொடங்குவது என்று காட்டும் குறிப்பு) கிடைக்கவில்லை என்று லாக்கில் பேனிக் வரி.

போன் செய்தோம். “சார், ஸ்டோரேஜ் ஹெல்த் ஓகேன்னுதான் காட்டுது. இது உங்க டேட்டாபேஸ் சைடு பிரச்சினை.” டேட்டாபேஸை நிறுவியதே அவர்கள்தான்! டிக்கெட் போடச் சொன்னார்கள், போட்டோம், ஒரு வரி பதிலோடு மூடிவிட்டார்கள். மறுபடி திறந்தபோது வேறு ஒரு பையன் ரிமோட்டில் உள்ளே வந்தான். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டேட்டா டைரக்டரியை ஒரு பிரதிகூட எடுத்து வைக்கவில்லை. நேராக, டேட்டாபேஸ் தன் மாற்றங்களை எழுதி வைக்கும் பதிவேட்டைத் துடைத்துவிடும் பிஜி-ரீசெட்வால் கட்டளையை வலுக்கட்டாயமாக ஓட்டினான். வேறு வழியே இல்லாதபோது கடைசியாகத் தொட வேண்டிய கருவி அது. அதை ஓட்டியபின் டேட்டாபேஸ் எழுந்தாலும் உள்ளே இருப்பது முன்பின் முரணில்லாமல் இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. “எழுந்துடுச்சு சார்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். உள்ளே பார்த்தால், பிரைமரி கீ (ஒரே எண் இரண்டாவது முறை வராமல் தடுக்கும் விதி) உள்ள டேபிளில் ஒரே பில் எண் இரண்டு முறை. சில பில்கள் இண்டெக்ஸ் வழியாகத் தேடினால் இல்லை, டேபிள் முழுக்கத் தேடினால் இருக்கின்றன.

தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினோம். கான்ஃபிக் கோப்பைத் திறந்ததுமே அவர் ஒரு வரியில் விரலை வைத்தார். எஃப்சிங்க் ஆஃப்.

அந்த வேகம் அங்கிருந்துதான் வந்திருக்கிறது. எஃப்சிங்க் ஆனில் இருந்தால் போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு கமிட்டின்போதும், அதாவது ஒரு மாற்றத்தை உறுதி செய்யும்போதும், அந்த மாற்றப் பதிவு வட்டில் போய் நிஜமாகவே உட்கார்ந்ததா என்று காத்திருக்கும். எஃப்சிங்க்கை அணைத்தால் காத்திருக்காது, நினைவகத்தில் இருப்பதையே ‘எழுதியாச்சு’ என்று சொல்லிவிடும். திடீரென்று மின்சாரம் போனால் மீட்கவே முடியாதபடி சிதையலாம் என்று போஸ்ட்கிரெஸ் ஆவணத்திலேயே எச்சரிக்கை இருக்கிறது. கிளஸ்டரில் இந்தக் காத்திருப்பு இன்னும் அதிகம். ஒவ்வொரு எழுத்தும் நெட்வொர்க் தாண்டி முதல் ஓஎஸ்டிக்கு (ஒரு வட்டைப் பார்த்துக்கொள்ளும் செஃப் நிரல்) போய், அங்கிருந்து மற்றப் பிரதிகளுக்கும் போய், எல்லாமே எழுதி முடித்த பிறகுதான் சரி என்று பதில் வரும். அதனால் வட்டு நல்லதாக இருக்க வேண்டும். மின் இழப்புப் பாதுகாப்பு உள்ள எஸ்எஸ்டி (மின்சாரம் போனாலும் கையில் இருப்பதை எழுதி முடிக்கும், அதனால் எஃப்சிங்க்குக்குச் சட்டென்று பதில் சொல்லும்) போட வேண்டிய இடத்தில் இவர்கள் போட்டிருந்தது சாதாரண மேசைக் கணினி எஸ்எஸ்டி. அதில் நேர்மையாக எஃப்சிங்க் ஓடினால் டேட்டாபேஸ் ஊர்ந்துதான் போயிருக்கும். வட்டில் காசை மிச்சம் பிடித்துவிட்டு, அது வெளியே தெரியாமலிருக்க எஃப்சிங்க்கை அணைத்திருக்கிறார்கள்.

இன்னும் இருக்கிறது. பூல் (செஃபில் டேட்டாவை வைக்கும் பகுதி) விவரத்தைப் பார்த்தால் சைஸ், அதாவது பிரதிகளின் எண்ணிக்கை, 2; மினிமம் சைஸ் 1. மூன்று பிரதி என்று காசு வாங்கிவிட்டு இரண்டு! மினிமம் சைஸ் 1 என்றால் ஒரே ஒரு பிரதி மிஞ்சியிருந்தாலும் எழுத அனுமதிக்கும். அந்த நேரத்தில் அந்த வட்டும் போனால், எழுதியது மொத்தமும் போச்சு. கேபிளை உருவிக் காட்டிய அந்த வித்தை இரண்டு பிரதியிலும் அப்படியே வேலை செய்யும். தினமும் பேக்கப் எடுக்கிறோம் என்றார்களே, அது அதே பூலுக்குள் எடுத்த ஸ்நாப்ஷாட்; பூல் போனால் அதுவும் போகும். அதில் கடைசியாக இருந்ததும் பல வாரம் பழையது.

இதையெல்லாம் எழுதி அனுப்பினோம். முதல் பதில், “அது பெர்ஃபார்மன்ஸ் டியூனிங் சார்.” அப்புறம், “அந்த எஞ்சினியர் இப்ப எங்ககிட்ட இல்லை.” அப்புறம், டேட்டா இழப்பு பராமரிப்பு ஒப்பந்தத்தில் வராது. மேலாளர் ‘மீட்டிங்கில் இருக்கிறார்’. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு அடுத்த வருடப் பராமரிப்பில் தள்ளுபடி தருகிறார்களாம். மூன்றரை லட்சத்தை விழுங்கியவர்களுக்கு நான் இன்னொரு வருடம் கட்ட வேண்டுமாம்!

என்னென்ன சரிபார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன். வாடிக்கையாளர்களுக்கு மெயிலில் போன பில்களைத் தேடி எடுத்து ஒவ்வொன்றாக மறுபடி ஏற்றிக்கொண்டிருக்கிறோம், நேரமில்லை. அவசரமாக இவ்வளவுதான்: ஒப்படைக்கும்போது எஃப்சிங்க், ஃபுல் பேஜ் ரைட்ஸ் (பாதி எழுதப்பட்டு நின்ற பக்கத்தை மீட்க உதவும் அமைப்பு) இரண்டும் ஆன் என்று உங்கள் கண்ணால் பாருங்கள். பூலில் சைஸ் 3, மினிமம் சைஸ் 2 இருக்கிறதா, பிரதிகள் வேறு வேறு சர்வரில் விழுகின்றனவா என்று காட்டச் சொல்லுங்கள். எத்தனை எம்பி வேகம் என்று சொன்னால் காதில் வாங்காதீர்கள், எஃப்சிங்க் வேகத்தை அளக்கும் பிஜி-டெஸ்ட்-எஃப்சிங்க் கருவியை ஓட்டச் சொல்லுங்கள். கிளஸ்டருக்கு வெளியே ஒரு பேக்கப் வையுங்கள், அதிலிருந்து மீட்டுப் பாருங்கள். ரீசெட்வால் என்று யாராவது வாயெடுத்தால் முதலில் டேட்டா டைரக்டரியை முழுசாகப் பிரதி எடுங்கள். முக்கியமாக, லோடு ஓடும்போது எல்லா சர்வரையும் ஒரே நேரத்தில் அணைத்து, டேட்டாபேஸ் தானாக எழுந்து கணக்கு சரியாக இருந்தால் மட்டும் பாக்கியைக் கொடுங்கள். அதற்கு ஒப்புக்கொள்ளாதவர்களுக்கு அட்வான்ஸே கொடுக்காதீர்கள்.