பி16-க்கு 70 மில்லி த்ராட்டில் பாடி: போட்டுப் பார்த்த பிறகு

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹோண்டா பி16ஏ எஞ்சினில் எக்ஸ்ட்ராக்டர் (புகை வெளியேறும் குழாய்), ஓப்பன் ஃபில்டர் (மூடியில்லாத ஏர் ஃபில்டர்), கொஞ்சம் ட்யூனிங் என்ற அளவில் நிறுத்தியிருப்பவர்களுக்கு 70 மில்லிமீட்டர் த்ராட்டில் பாடி (மிதியை அழுத்தினால் எஞ்சினுக்குக் காற்றைத் திறந்துவிடும் பாகம்) தேவையில்லை. கையில் காசு மிச்சமிருந்தால் வேறு எதிலாவது போடுங்கள்.

தங்கச்சி மகன் காடி (கார்) இது. சிவிக் இகே, உள்ளே ஹாஃப்கட் கடையில் (பாதியாக வெட்டிய பழைய கார்களின் சாமான் விற்கும் கடை) எடுத்த பி16ஏ. கிள்ளானில் நமக்குத் தெரிந்த ஃபோர்மேன் (மெக்கானிக்) பட்டறையில்தான் மாட்டினோம். எந்த பிராண்டு என்று சொல்லப்போவதில்லை, கேட்காதீர்கள். பார்க்க அழகான சாமான்தான், அலுமினியத்தைக் கடைந்த விதத்தில் குறை சொல்ல முடியாது, உள்சுவர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. ஆனால் பட்டர்ஃபிளையை (உள்ளே திறந்து மூடும் தகடு) மூடி டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தால் ஒரு பக்கம் வெளிச்சம் கசிகிறது. அந்தக் கசிவுதான் பிறகு ஐடிலில் (மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போது) வந்து நிற்கும். எஞ்சின் சூடானதும் ஆர்பிஎம் மேலும் கீழும் ஆடியது, ஸ்டாப் ஸ்க்ரூவை எவ்வளவு நோண்டியும் முழுதாக அடங்கவில்லை. டிபிஎஸ் (த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் சென்சார்), மேப் சென்சார் (மேனிஃபோல்டில் காற்றழுத்தம் அளப்பது) இரண்டும் பெட்டியில் வராது, பழையதிலிருந்து கழற்றி மாற்ற வேண்டும். மாற்றிய பிறகு டிபிஎஸ் வோல்டேஜைப் பாருங்கள்: மூடியிருக்கும்போது சுமார் 0.5, முழுதாகத் திறந்தால் சுமார் 4.5. இதைப் பார்க்காமல் விட்டுவிட்டு ட்யூனரைத் திட்டுகிறவர்கள் நிறைய.

அப்புறம் முக்கியமான விஷயம், மேனிஃபோல்டின் (த்ராட்டிலிலிருந்து சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொண்டுபோகும் குழாய்) வாய் 60 மில்லிதான். 70-ஐ அப்படியே வைத்து இறுக்கினால் சுற்றிலும் 5 மில்லிக்கு ஒரு படி நிற்கும், காற்று அதில் போய் முட்டும். வாயைக் கடைந்து அகலப்படுத்தாமல் மாட்டுவது வீண் வேலை. கடைக்காரர்கள் இதை வாயே திறந்து சொல்வதில்லை.

முதல் தடவை ஓட்டிவிட்டு வந்த பையன், "மாமா, பவர் பயங்கரமா ஏறிடுச்சு" என்றான். ஏறவில்லை. 60-க்கும் 70-க்கும் பரப்பளவில் 36 சதவீதம் வித்தியாசம், அதனால் மிதியைக் கொஞ்சம் தொட்டாலே முன்பு பாதி மிதியில் போன காற்று போய்விடுகிறது, காடி துள்ளுகிறது, மனசு அதைப் பவர் என்று எடுத்துக்கொள்கிறது. முழுசாக மிதித்தால் பழைய காடிதான். ஃபெடரல் ஹைவே ஜாமில் முதல் கியரில் ஊர்ந்து பாருங்கள், அந்தத் துள்ளலின் மறுபக்கம் தெரியும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் தலை ஆடிக்கொண்டே வரும்.

சரி, எந்த சைஸ் வேண்டும் என்று எப்படித் தெரிந்துகொள்வது? டைனோகூட (பவர் அளக்கும் மெஷின்) வேண்டாம், மேப் சென்சார் போதும். ஹோண்டேட்டா (ஹோண்டா எஞ்சின் கம்ப்யூட்டரை ட்யூன் செய்யும் சாதனம்) மாதிரி லாக் எடுக்கும் வசதி இருந்தால், சாவியை மட்டும் போட்டு எஞ்சினை ஓட விடாமல் அது காட்டும் அளவைப் பாருங்கள். கடலோர ஊர்களில் 100, 101 கிலோபாஸ்கல் காட்டும் (கெந்திங் மலை மேலே போய்ப் பார்த்தால் 82 பக்கம் இருக்கும், பயப்பட வேண்டாம், சென்சார் கெடவில்லை). பிறகு பாதுகாப்பான இடத்தில் முழு மிதியில் ரெட்லைன் (எஞ்சினின் உச்ச ஆர்பிஎம்) வரை இழுத்து அதே அளவைப் பாருங்கள். 100 என்பது 98 ஆகிறது என்றால் ஃபில்டர், பைப், த்ராட்டில் எல்லாம் சேர்ந்தே தடுப்பது 2 சதவீதம்தான். அதை ஒன்றுவிடாமல் ஒழித்தாலும் 160 குதிரைசக்தியில் கிடைப்பது 3. அந்த மூன்றும் த்ராட்டில் கணக்கில் முழுசாக வராது, ஃபில்டருக்கும் பங்கு உண்டு. 94, 95 என்று இறங்கினால் அப்போது பெரிய சைஸ் பற்றிப் பேசலாம், அதுவும் ஃபில்டரைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை பார்த்த பிறகு.

எஞ்சின் இல்லாமலே கணக்குப் போடவும் முடியும். 1.6 லிட்டர் எஞ்சின் 8000 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்குச் சுமார் 6400 லிட்டர் காற்று இழுக்கும், 60 மில்லி ஓட்டை வழியே அது நொடிக்கு 38 மீட்டர் வேகம். ஹோண்டா பி20 எஞ்சினின் அடிப்பாகத்தில் (பிளாக்) பி16 மாதிரியான விடெக் எஞ்சினின் மேல்பாகம் (ஹெட்) போட்ட 2 லிட்டர் 8500 சுற்றினால் அதே ஓட்டையில் 49 மீட்டர். வேகம் 1.3 மடங்குதான், ஆனால் அழுத்த இழப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறும், அதாவது 1.7 மடங்கு. அதே 2 லிட்டருக்கு 70 மில்லி கொடுத்தால் வேகம் 36-க்கு இறங்கிவிடுகிறது, கிட்டத்தட்ட பி16-க்கு ஹோண்டாவே கொடுத்த நிலை. ஆக 70 மில்லி யாருக்கு என்றால் அந்த 2 லிட்டர்காரர்களுக்கு.

டர்போ போட்டவர்கள் பூஸ்ட் ஏறியதால் பெரிய த்ராட்டில் வேண்டும் என்கிறார்கள். த்ராட்டில் டர்போவுக்குப் பிறகு இருந்தால், காற்று அடர்த்தியாகிறதே தவிர, அதே ஆர்பிஎம்மில் அந்த ஓட்டை வழியே போகும் கன அளவு பெரிதாக மாறுவதில்லை. டொயோட்டா 4ஏஜிஇ பிளாக்டாப் எஞ்சினில் 45 மில்லி த்ராட்டில் நாலு இருக்கிறதே என்று கேட்கும் கேஇ70 (பழைய கொரோலா) அண்ணன்களுக்கு: அங்கே ஒவ்வொரு ஓட்டையும் ஒரே சிலிண்டருக்கு, அது இழுக்கும் கொஞ்ச நேரத்துக்குள் எல்லாக் காற்றும் போயாக வேண்டும், ஒற்றை த்ராட்டிலோடு அதை ஒப்பிடக் கூடாது.

இப்போது காடியில் இருப்பது ஹோண்டா டைப் ஆர் மாடலின் 62 மில்லி த்ராட்டில் பாடி, பழைய சாமான். ஹோண்டா 200 குதிரைசக்தி பி18சி எஞ்சினுக்குக் கொடுத்தது, பி16-க்கு நேராகப் பொருந்துகிறது, மேனிஃபோல்டு வாயைச் சுற்றி 1 மில்லி ராவினால் போதும். ஐடில் ஆடவில்லை, மிதியும் பழையபடி மென்மை. புது 70-க்குக் கொடுத்ததில் பாதிகூட ஆகவில்லை. வாங்கும்போது வெர்னியர் (விட்டம் அளக்கும் கருவி) கொண்டு போங்கள், 62 என்று சொல்லி 60-ஐத் தலையில் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஷாஃப்டை (பட்டர்ஃபிளை சுழலும் தண்டு) பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.