திறந்த கேனில் எபாக்சி வாங்கிக் கெட்ட கதை

எண்ணூர்க் கழிமுகத்தில் துடுப்புப் போட்டுச் சுற்றி வருவதற்காக, பதினான்கு அடி நீள ஒட்டுப்பலகைப் படகு ஒன்றைத் திருவொற்றியூரில் என் வீட்டின் பின்பக்கம் தகரக் கொட்டகைக்குள் நானே கட்டி வருகிறேன். ஏரா (படகின் அடிமுதுகுக் கட்டை), சட்டங்கள், பலகை எல்லாம் ஒழுங்காகவே முடிந்தன. வெளிப்புறத்தில் ஃபைபர் (கண்ணாடி இழை) துணி போர்த்தி, எபாக்சி, அதாவது ரெசின், ஹார்டனர் என்ற இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகும் பிளாஸ்டிக் பூச்சு, ஏற்றும் கட்டத்தில்தான் பாரிமுனைப் பக்கத்துச் சந்து ஒன்றில் இருக்கும் கடையில் ஏமாந்தேன். இப்படி விற்பது அந்த ஒரு கடை மட்டும் என்று நான் நினைக்கவில்லை; ஆகவே பெயரை எழுதவில்லை.

மழை பிடிப்பதற்குள் அடிப்புறத்தை முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், ஐப்பசி மாதம் ஆறு கிலோ ரெசின் வாங்கப் போனேன். சீல் வைத்த டின்னைக் கேட்டபோது, "அதே சரக்குதான் சார், பேரல்ல இருந்து புடிச்சுத் தர்றோம், கிலோவுக்கு இருநூறு ரூபாய் குறையும்" என்றார் கடைக்காரர். வெள்ளைக் கேனில் ரெசினும், லேபிள் கிழித்த தண்ணீர் பாட்டிலில் ஹார்டனரும் வந்தன. பில்லுக்குப் பதிலாக ஒரு துண்டுச் சீட்டில் "10:1" என்று எழுதிக் கொடுத்தார். அந்த விகிதம் எடைக்கா, அளவுக்கா என்று நான் கேட்கவில்லை. ரெசின் கடலை எண்ணெய் போல் சரளமாக ஊற்றியதைப் பார்த்து, மரத்தில் நன்றாக ஊறும் என்று மகிழ்ந்தும் போனேன். கலப்படமில்லாத சாதாரண எபாக்சி ரெசின் வெல்லப்பாகு போலக் கெட்டியாகத்தான் இறங்கும். நீர்த்த நிலையிலேயே தயாரிக்கப்படும் நல்ல ரெசின்களும் உண்டு. ஆனால் எது எது என்று சொல்ல வேண்டிய லேபிளே அந்தக் கேனில் இல்லை.

காசிமேட்டில் இருபது ஆண்டுகளாக ஃபைபர் படகு வேலை பார்க்கும் மேஸ்திரி ஒருவரைத் துணைக்கு அழைத்திருந்தேன். அவர் கை பழகியது முழுவதும் பாலியஸ்டர் ரெசினில். அதில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரை கேட்டலிஸ்ட் விடுவார்கள். வெயில், மழை பார்த்துக் கொஞ்சம் கூட்டலாம், குறைக்கலாம், இறுகும் வேகம்தான் மாறும். எபாக்சியின் வேதியியல் வேறு. ஹார்டனர் என்பது வினையைத் தொடங்கி வைக்கும் பொருள் அன்று. ரெசினோடு கோத்துக்கொண்டு அதுவும் அந்தப் பிளாஸ்டிக்கின் பகுதியாகிவிடுகிறது. ஒன்று மிஞ்சினால், மிஞ்சியது கோக்க ஆளில்லாமல் உள்ளேயே பிசுக்காகத் தங்கிவிடும்.

முதல் நாள் இரண்டு மீட்டர் ஏற்றினோம். மூன்றாம் நாளும் நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்தது. கடைக்குத் தொலைபேசியில் சொன்னதற்கு, "மழைக்காலம் சார், ஈரப்பதம்தான், ஹார்டனரைக் கொஞ்சம் கூட்டிப் போடுங்க" என்று பதில் வந்தது. மேஸ்திரியும், "ஆமாண்ணே, கூட ஊத்துனா சீக்கிரம் செட் ஆயிடும்" என்றார். கூட்டினோம். அடுத்த இரண்டு மீட்டர் முன்னதைவிட மோசமாக, பழைய ரப்பர் செருப்பைத் தொடுவது போல் ஆனது.

ஈரப்பதம் என்ற சாக்கை நம்பியதுதான் என் பெரிய தவறு, ஏனென்றால் அதில் பாதி உண்மை இருந்தது. ஈரக்காற்றில் எபாக்சியின் மேல் மெழுகு போன்ற ஒரு படலம் பூப்பது வழக்கம். ஆனால் அது தண்ணீர் தொட்டுப் பாத்திரம் தேய்க்கும் நாரால் தேய்த்தால் போய்விடும். அடியில் பரப்பு கல் போல் இருக்கும். நான் தேய்த்துப் பார்த்தபோது பிசுக்கு ஆழம் வரை போனது.

அதன் பிறகுதான் செய்ய வேண்டிய சோதனையைச் செய்தேன். வேறொரு கடையில் பில்லோடு ஒரு சிறிய சீல் வைத்த செட் வாங்கி, சமையலறை டிஜிட்டல் தராசில் நூறு கிராம் ரெசினுக்கு, அதன் லேபிளில் இருந்த விகிதப்படி பத்து கிராம் ஹார்டனர் சேர்த்து ஒரு காகிதக் கோப்பையில் கலந்தேன். கேன் சரக்கையும் அதே எடையில் இன்னொரு கோப்பையில் கலந்து, இரண்டையும் ஒரே ஜன்னல் விளிம்பில் வைத்தேன். முதல் கோப்பை ஒரு மணி நேரத்துக்குள் கையில் பிடிக்க முடியாத அளவு சுட்டு, மறுநாள் சுத்தியலால் தட்டினால் கணீரென்றது. மற்றது வெதுவெதுப்போடு நின்றுவிட்டது. ஒரு வாரம் கழித்து எடை போட்டபோது, முதல் கோப்பையில் மாற்றம் தெரியவில்லை. கேன் சரக்கின் 110 கிராம் 97 ஆகக் குறைந்திருந்தது. ஆவியாகிப் போனது தின்னராகத்தான் இருக்க வேண்டும். ரெசின் விலைக்குத் தின்னர் வாங்கி என் படகின் மேல் பூசியிருக்கிறேன்.

இதற்கிடையில் இன்னொரு கூத்தும் நடந்துவிட்டது. அணியத்தின் (படகின் முன்முனை) பக்கம் பிசுபிசுவென்று ஒட்டும் பரப்பை மறைக்க, தன்னிடம் மீதமிருந்த பாலியஸ்டரையும் மேட்டையும் (நெய்யாமல் பசையால் பிணைத்த கண்ணாடி இழை விரிப்பு) மேலே ஒரு சுற்றுப் போட்டுவிடலாம் என்று மேஸ்திரி சொன்னதற்கு நானும் தலையசைத்தேன். இறுகாத எபாக்சியின் ஹார்டனர் பாலியஸ்டரையும் இறுக விடாது என்பது இருவருக்கும் தெரியாது. பத்து நாளில் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். வாழை மட்டை உரிவது போல் மொத்தமும் கையோடு வந்தது.

சரிசெய்ய எட்டு நாளாயிற்று. ஒட்டும் எபாக்சியின் மேல் வேறு எதைப் பூசியும் பயனில்லை. முழுவதையும் எடுத்தாக வேண்டும். ஹீட் கன்னால் இளக்கி, தகட்டால் சுரண்டி, அசிட்டோனில் துடைத்து, 80 நம்பர் உப்புத்தாள் போட்டு வெறும் மரம் தெரியும்வரை தேய்த்தோம். இந்த முறை மேட் இல்லை. அதன் இழைகளைப் பிணைத்திருக்கும் பசை பாலியஸ்டரில் உள்ள ஸ்டைரீனில் கரையும், எபாக்சியில் கரையாது. 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம்) நெய்த துணியைப் போர்த்தி, ஒவ்வொரு கலவையையும் தராசில் எடை போட்டு, வெயில் தாழ்ந்த பிறகே ஏற்றினோம். காலையில் ஏற்றினால், சூடு ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து கொப்புளம் கிளப்பும். காய்ந்த பின் ஒரு நாணயத்தால் அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பார்த்தேன். துணி ஒட்டாததைக் காட்டும் மந்தமான ஓசை ஓரிடத்தில் மட்டும் கேட்டது, அதை வெட்டி ஒட்டினோம்.

மேஸ்திரியை நான் குறை சொல்ல மாட்டேன். தெரியாமல் செய்தார், தெரிந்த பிறகு மூன்று நாள் கூலி வாங்காமல் சுரண்டினார். கடைக்காரரிடம் இரண்டு கோப்பைகளையும் கொண்டுபோய் வைத்தேன். "எங்க கடையில வாங்கினதுக்கு என்ன சார் ஆதாரம்?" என்றார். நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைத்தேன். அவர்களும் முதலில் கேட்டது பில்லைத்தான். என்னிடம் இருப்பது "10:1" என்று எழுதிய அந்தத் துண்டுச் சீட்டு. கேனில் இன்னும் ஒன்றரைக் கிலோ மிச்சம் இருக்கிறது. திருவொற்றியூர்ப் பக்கம் படகு கட்டுபவர் யாரேனும் வந்தால் மூடியைத் திறந்து காட்டுகிறேன்.